மார்கழிக் குளிரும் வேலியோரத்து அலங்காரமும்

கார்த்திகை பிறந்துவிட்டால் வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துத் தாய்மார்களுக்கு ஒரே கவலைதான். மலைத்தொடரில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கத்திக் காற்று சீறிக்கொண்டு வரும். உதடு வெடிக்கும், கன்னம் சொரசொரக்கும், தலைமுடி வைக்கோலாகும். பண்டிகைகளும் சொல்லி வைத்தாற்போல் இப்போதுதான் வருகின்றன: கிறிஸ்துமஸ், திருவாதிரை, பொங்கல்.

மல்லிகைக்கும் குளிர் ஆகாது. பனி விழ விழ அரும்பு குறையும், விலை ஏறும். பொங்கலையொட்டிக் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்பதை அண்மை ஆண்டுகளில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். இரண்டு பெண் குழந்தைகள் உள்ள சம்பளக்காரர் வீட்டில் முழம் பூவுக்கே கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மலையாள வீடுகளில் இதற்கு வழி உண்டு. தனு மாதத் திருவாதிரை (நமக்கு மார்கழித் திருவாதிரை, நட்சத்திரம் ஒன்றுதான்) வந்தால் பெண்கள் விடியுமுன் குளத்து நீரைக் கையால் அடித்துப் பாடிக்கொண்டே குளிப்பார்கள். பிறகு சந்தனக் கீற்று, கண்மை, பருத்தி முண்டு. இரவில் கைகொட்டிக்களி; நள்ளிரவில் தலையில் தசபுஷ்பம். பெயர்தான் பெரிது. அருகம்புல், கரிசலாங்கண்ணி, முடக்கத்தான், விஷ்ணுகிராந்தி, நிலப்பனை என்று வரப்பிலும் வேலியிலும் முளைக்கும் பத்துச் செடிகள், அவ்வளவே. அன்று வெற்றிலை போடுவதும் சடங்கு என்பதால் உதட்டுச் சாயத்துக்குத் தனிச் செலவில்லை.

அந்தப் பத்தில் ஒன்றை 'செறூள' என்பார்கள். சித்தூர் பக்கத்துத் தமிழ்ப் பெண்ணிடம் காட்டினால் சிரிப்பாள். நம் பூளைப்பூதான் அது! கொங்கு வழக்கப்படி போகியன்று வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்து வீட்டுக்குக் காப்புக் கட்டுகிறோமே, அதே வெள்ளைப் பூ. அவர்களுக்குக் கூந்தலில், நமக்குக் கூரையில்.

கண்மையும் வீட்டுச் சரக்கே. கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்து நிழலில் உலர்த்திய வெள்ளைத் துணியைத் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரிப்பார்கள். மேலே கவிழ்த்த தட்டில் படியும் கரியை வழித்து, சொட்டு எண்ணெயில் குழைத்தால் மை. கைக்குழந்தைகளின் கண்ணுக்கு மட்டும் வேண்டாம் என்று டாக்டர்கள் தடுக்கிறார்கள்.

முண்டு நெய்வதில் பெயர்பெற்றவர்கள் திருவில்வாமலை அருகே குத்தாம்புள்ளியில் வாழும், கன்னடம் பேசும் தேவாங்கர். சாயமேற்றாத நூல், கரையில் மட்டும் கசவு. அசல் கசவு கையைக் கடிக்கும், நூல்கரை போதும். கஞ்சி போட்டு மடித்து வைத்தால் பல திருவாதிரை தாங்கும்.

இடுக்கி எல்லையில் குளிரே வேறு மாதிரி. மூணாறு எஸ்டேட்டுகளில் ஜனவரியில் புல்மேல் உறைபனி படிவதுண்டு. தேங்காய் எண்ணெய் சீசாவுக்குள் கல்லாகிவிடும். அடுப்போரம் வைத்து உருக்கித்தான் தேய்க்க வேண்டும். சேலைமேல் ஸ்வெட்டர் எடுப்பாக இராது என்று நடுங்கிக்கொண்டே கிளம்பும் இளம்பெண்களும் உண்டு. சேலைக் கரையின் நிறத்தில் ஒன்று வாங்கினால் இரண்டும் இசையும்.

கொழுந்து கிள்ளும் விரல்களில் ஏறிய தேயிலைக் கறை சோப்புக்குப் போகாது. 2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் கேட்டு மூணாறு சாலையில் உட்கார்ந்த பெண்களின் விரல்கள்தாம் அவை. பண்டிகைக்கு முந்திய இரவில் மருதாணி அரைத்து வைத்தால் கறையும் சிவப்பும் ஒன்றாகிவிடும். இதைவிட நல்ல பூச்சு எந்தக் கடையில் இருக்கிறது?

சந்தனத்துக்குத்தான் வழியில்லை. மூணாறிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் மறையூர். கேரளத்தில் சந்தனம் இயற்கையாகக் காடாக வளரும் இடம். மரங்கள் சாலையோரத்துக் கம்பிவேலிக்குள் நிற்கும். வனத்துறை ஏலம் விடும். கோயில்களும் சோப்புக் கம்பெனிகளும் எடுக்கும். வேலிக்கு இந்தப் பக்கம் குடியிருக்கும் பெண் நெற்றிக்கு இடுவது கடையில் விற்கும் வாசனைப் பொடிதான். பாட்டி காலத்துக் கட்டை விரற்கடை மிஞ்சியிருக்கும் வீட்டில் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, நாள்கிழமைக்கு மட்டும் எடுத்து இழைக்கிறார்கள்.