கரண்ட் வைக்கும் முன் ஒரு வார்த்தை!

என் மருமகள் விஷயத்தில் நான் செய்த இரண்டு தவறுகளை வேறு யாரும் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கடிதம்.

அவளுக்குச் சிறு வயதிலிருந்தே, 'டிஸ்டோனியா' என்ற நரம்புக் கோளாறு. கழுத்தும், கையும் தானாக முறுக்கி இழுக்கும். கல்யாணத்துக்கு நாலு வருஷம் முன்பு, மூளைக்குள் மெல்லிய கம்பிகள் வைத்து, மார்பில் தோலுக்கு அடியில் பேட்டரிக் கருவி பொருத்தினர். 'டீப் பிரெய்ன் ஸ்டிமுலேஷன்' என்று பெயர். 1987ல் பிரான்ஸ் நாட்டின் கிரெனோபிள் நகரில், பெனாபிட் என்ற டாக்டர் கை நடுக்கத்துக்காகச் செய்த சிகிச்சை, இன்று இந்த நோய்க்கும் உதவுகிறது. பெண் பார்க்கப் போன அன்றே, சம்பந்தி வீட்டார் ஒளிக்காமல் சொல்லி விட்டனர். குணமான பெண், மனசாரச் சம்மதித்தோம்.

அவள் உண்டானதும் எனக்குப் பயம் பிடித்துக் கொண்டது. ராப்பகலாக உடம்புக்குள் கரண்ட் ஓடுகிறதே, வயித்துப் பிள்ளைக்குப் பாயாதா? ஐந்தாம் மாதம், "கொஞ்ச நாளைக்கு அதை அணைச்சு வையேம்மா..." என்று நச்சரித்தேன். என் வாய்க்குப் பயந்து, ரிமோட்டில் அணைத்து விட்டாள். சாயங்காலத்துக்குள் கழுத்து ஒரு பக்கமாக இழுத்து, வலியில் துடித்துப் போனாள். மகன் ஓடி வந்து மறுபடி போட்டு விட்டான்.

மறுநாள், நரம்பு டாக்டர் என்னை உட்கார வைத்துச் சொன்னார்... "அந்தக் கம்பி நுனியைச் சுத்தி சில மில்லி மீட்டர் தூரத்துக்குத்தான் அது வேலை செய்யும், குழந்தைக்குப் போகாதும்மா. திடீர்னு நிறுத்தினாத்தான் ஆபத்து. இந்தக் கருவியோட நல்லபடியா பிள்ளை பெத்தவங்க பல நாட்டுல இருக்காங்க. இது இருக்கறதாலதான் மாத்திரையையும் குறைக்க முடிஞ்சது!"

பிரசவத்துக்கு முன்பே, அவரும் பிரசவ டாக்டரம்மாவும் கலந்து பேசினர். கருவி இருப்பதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. அப்படிச் செய்ய நேர்ந்தால், ரத்தம் நிற்கச் சுடும் கருவியில், 'பைபோலார்' வகைதான் நல்லது. கருவியை அணைப்பதும், திரும்பப் போடுவதும் யார் பொறுப்பு என்பது வரை எழுதி வைத்தனர். கடவுள் புண்ணியத்தில் சுகப்பிரசவம், பேத்தி பிறந்தாள்.

எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்த போதுதான், என் இரண்டாவது தவறு. குழந்தைக்கு மூணு மாசம் இருக்கும். இவளுக்குத் தாங்க முடியாத இடுப்பு வலி. எனக்கு முழங்கால் வலிக்குச் சூட்டுக் கரண்ட் வைத்த பிசியோதெரபி கிளினிக்குக்கு, நானே கூட்டிப் போனேன். அங்கிருந்த பெண்ணும் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மிஷினை நகர்த்திக் கொண்டு வந்தபோது, மருமகள்தான், "அத்தை, பையில என் கார்டு இருக்கு... எடுத்துக் காட்டுங்க" என்றாள்.

கருவி பற்றிய அட்டையைப் படித்ததும், அந்தப் பெண்ணின் முகம் வெளுத்து விட்டது. உடனே டாக்டருக்குப் போன் செய்தோம். "டயாதெர்மியா? உடம்புல எந்த இடத்துலயும் வைக்கக் கூடாது. கருவியை அணைச்சிருந்தாலும் கூடாது! அந்தச் சூடு கம்பி வழியா மூளைக்கே போயிடும், உயிருக்கே ஆபத்து" என்றார். எனக்குக் கை, கால் வெலவெலத்து விட்டது.

பிள்ளைக்கு இல்லாத ஆபத்தை நினைத்து அவளைப் படுத்தியவள், நிஜமான ஆபத்துக்கு அவளைக் கைப்பிடித்து அழைத்துப் போயிருக்கிறேன்!

சகோதரிகளே... உங்கள் வீட்டில் இப்படிக் கருவி பொருத்தியவர்கள் இருந்தால், அந்த அட்டை எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். ஆபரேஷனோ, எம்.ஆர்.ஐ., ஸ்கேனோ, இடுப்பு வலி வைத்தியமோ, எதுவானாலும் முதலில் அதைக் காட்டுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் டயாதெர்மி ஆகாது. தெரியாததை டாக்டரிடம் கேளுங்கள். என்னைப் போல நீங்களாக முடிவு கட்டாதீர்கள்!

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி.