மூழ்காப் படகு

மூழ்காப் படகு என்பது உள்ளே நீர் நிறைந்தாலும் அமிழாமல் மிதக்கும்படி அமைக்கப்பட்ட சிறு படகு ஆகும். குடும்பத்துடன் கரையோரக் கடலில் மீன்பிடிக்கச் செல்வோர் படகைத் தெரிவு செய்கையில் இப்பண்பு முதன்மையாகக் கருதத்தக்கது.

வரலாறு

1958 இல் ஐக்கிய அமெரிக்காவின் மாசச்சூசெட்சில் ரிச்சர்ட் ஃபிஷர் என்பவர் 13 அடி நீளமான போஸ்டன் வேலர் படகை அறிமுகப்படுத்தினார். இதன் இரண்டு கண்ணாடியிழை ஓடுகளுக்கு இடையே பாலியூரித்தேன் நுரை நிரப்பப்பட்டிருந்தது. நுரையின் நுண்ணறைகளில் காற்று அடைபட்டிருப்பதால், ஓடு உடைந்தாலும் படகு மிதக்கும். 1961 இல் லைஃப் இதழ் வெளியிட்ட ஒளிப்படங்களில், இரண்டாக அறுக்கப்பட்ட பின்னரும் இப்படகு மிதந்தது.

விதிகள்

நீர் நிறைந்த படகு ஒரு முனை மட்டும் மேலே தெரியுமாறு மிதந்தால், அதைப் பற்றிக்கொண்டிருப்பது சிறுவர்களுக்குக் கடினம். ஆகவே 20 அடிக்குக் குறைந்த, வெளியே பொருத்தும் எந்திரமுடைய பெரும்பாலான படகுகள் நீர் நிறைந்த நிலையிலும் ஏறத்தாழக் கிடைமட்டமாக மிதக்கவேண்டும் என்பது ஐக்கிய அமெரிக்க விதியாகும். அதற்கு மேற்பட்ட நீளமுடையவற்றுக்கு இக்கட்டாயம் இல்லை. எனவே பெரிய படகு எப்போதும் பாதுகாப்பானது என்று கொள்ளமுடியாது.

தெரிவு செய்தல்

- கொள்ளளவுத் தகட்டில் ஆட்களின் எண்ணிக்கை, மொத்த எடை, எந்திரத்தின் உச்சக் குதிரைத்திறன் ஆகியவை குறிக்கப்பட்டிருக்கும்.
- பின்பக்கச் சுவர் தாழ்வாக இருந்தால், பின்னிருந்து வரும் அலை எளிதில் உட்புகும்.
- பழைய படகின் நுரை நீரை உறிஞ்சியிருந்தால், படகின் எடை கூடி மிதப்புத் திறன் குறையும்.

மூழ்காப் படகும் கவிழக்கூடியது. ஆதலால் அனைவரும் உயிர்காப்பு அங்கி அணிதல் வேண்டும். கவிழ்ந்தால் கரைக்கு நீந்த முற்படாது படகைப் பற்றியிருத்தல் நன்று. தனி மனிதரை விடப் படகே மீட்பவர் கண்ணில் எளிதில் படும்.