தூக்கத்திற்கு ஒரு எக்ஸெல் டேபிள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்ஸெல்லில் முதலில் போடுவது மளிகைக் கணக்கு. நான் போட்டது தூக்கக் கணக்கு. எனக்கு வயது 48, வசிப்பது குற்றாலம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கு சாரல் சீசன். வெளியூர்க்காரர்கள் இரண்டாவது போர்வை கேட்கும் குளிரில் நான் நள்ளிரவில் வியர்த்து எழுந்து உட்கார்ந்திருப்பேன். "குற்றாலத்தில் இருந்துகொண்டா தூக்கம் வரவில்லை?" என்று வீட்டில் கேலி. காலையில் ஸ்கூட்டரில் தென்காசிக்கு வேலைக்குப் போகும்போது கண் சொக்கியது. அதன் பிறகு இது கேலிக்குரிய விஷயமாக இல்லை.

ஏன் வியர்க்கிறது?

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமல் இருந்தால் அதை மெனோபாஸ் என்கிறார்கள். இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46 வயதையொட்டி வருகிறது. சில ஆண்டுகள் முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஏறி இறங்கத் தொடங்கும். உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்துவது மூளையின் ஹைபோதலாமஸ் பகுதி. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, இது சிறிய வெப்ப மாற்றத்தையும் பெரிதாக எடுத்துக்கொண்டு வியர்வையை வரவழைக்கிறது. அதனால்தான் சாரல் காற்றிலும் வியர்க்கிறது.

டேபிள் தயாரிப்போமா?

டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "வாரத்தில் எத்தனை இரவு?" என்பதுதான். மனதில் இருந்து சொன்னால் "தினமும்தான்" என்று வரும். டேபிள் இருந்தால் சரியான கணக்கு வரும்.

எக்ஸெல்லைத் திறங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பைப் பயன்படுத்தலாம். முதல் வரிசையில் தேதி, படுக்கையில் இருந்த மணி, தூங்கிய மணி, சதவீதம், வியர்த்து விழித்த தடவை, காபி குடித்த நேரம் எனத் தலைப்புகள் கொடுங்கள். தினமும் காலையில் ஒரு வரி நிரப்பினால் போதும். இரவில் கடிகாரம் பார்க்க வேண்டாம், தோராயமாக எழுதுங்கள். ஐந்தரை மணி நேரம் என்றால் 5.5 என டைப் செய்யவும்.

சதவீத செல்லில் சமக்குறி (=) போட்டு, தூங்கிய மணி உள்ள செல்லைக் கிளிக் செய்யுங்கள். அடுத்து வகுத்தல் குறி (/) போட்டு, படுக்கை மணி உள்ள செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். ஹோம் டேபில் உள்ள % பட்டனை அழுத்தவும். 8 மணி நேரம் படுத்து 5 மணி நேரம் தூங்கினால் 63% எனக் காட்டும். 85 சதவீதமும் அதற்கு மேலும் நல்ல தூக்கம்.

14 நாட்கள் முடிந்ததும் பேஜ் லேஅவுட்டில் லேண்ட்ஸ்கேப் தேர்வு செய்து பிரிண்ட் எடுங்கள். என் டேபிளில் 9 இரவுகள் வியர்வையால் விழித்த இரவுகள். டாக்டர் அதைப் பார்த்துவிட்டுத் தைராய்டு பரிசோதனைக்கு எழுதினார், குறட்டை உண்டா என்றும் கேட்டார். இவையும் தூக்கத்தைக் கெடுக்கும்.

என்ன செய்யலாம்?

நாள்பட்ட தூக்கமின்மைக்கு அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-ல் முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது மாத்திரையை அல்ல, அறிவாற்றல் நடத்தை சிகிச்சையை. தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொக்கும்போது மட்டும் திரும்பிப் படுப்பது ஆகியவை இதில் அடங்கும். பருத்தி விரிப்பும் மின்விசிறியும் உதவும். மதியத்திற்குப் பிறகு காபி வேண்டாம். வியர்வை அதிகமானால் ஹார்மோன் சிகிச்சை நல்ல பலன் தரும். ஆனால் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் போன்ற சிலருக்கு அது பொருந்தாது. டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்காதீர்கள்.

விழித்த நேரத்தில் கம்ப்யூட்டரை ஆன் செய்யாதீர்கள். திரையின் நீல ஒளி மெலடோனின் சுரப்பைக் குறைக்கும். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே சென்று நைட் லைட்டை இயக்கினால் அந்த ஒளி குறையும். எனினும் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஷட் டவுன் செய்வதுதான் நல்லது.

ஒன்றை மறக்க வேண்டாம். மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பிறகு ரத்தப்போக்கு வந்தால், டேபிள் நிரம்பும் வரை காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.