60 யூனிட் முடித்தால் மூன்றாம் ஆண்டா?

பிள்ளை கம்யூனிட்டி காலேஜில் பிசினஸ் படிக்கப் போகிறான் என்று சொல்லும்போது கலிபோர்னியாத் தமிழ் வீடுகளில் இன்னும் குரல் கொஞ்சம் இறங்கிவிடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இறங்க வேண்டிய அவசியம் இல்லை. மாநிலவாசிக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். இரண்டு ஆண்டுக்கான 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். அதே பாடங்களைக் கால் ஸ்டேட் (கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக) வளாகத்தில் படித்தால் ஓராண்டுக் கட்டணமே 6,000 டாலரைத் தாண்டும், யூ.சி.யில் (கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில்) 14,000 டாலரைத் தாண்டும். இரண்டு ஆண்டுக்குப் பின் பல்கலைக்கழகத்துக்கு மாறிவிட்டால், கடைசியில் கைக்கு வரும் பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும். முதன்முறையாகக் கல்லூரியில் சேர்ந்து முழுநேரம் படிப்பவர்களுக்குப் பல கல்லூரிகள் அந்த 46 டாலரையும் தள்ளுபடி செய்கின்றன. கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

ஆபத்து கல்லூரியில் இல்லை, மாறும் இடத்தில் இருக்கிறது. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறியவர்களைப் பற்றி அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2017இல் ஓர் அறிக்கை தந்தது. எல்லா வகை மாற்றங்களையும் சேர்த்துப் பார்த்தால், மாணவர்கள் சராசரியாக 43 சதவீத கிரெடிட்டுகளை இழந்திருந்தார்கள். போனது பணம் மட்டுமல்ல, காலமும்தான்.

பிசினஸில் இந்த இழப்பு சத்தமில்லாமல் நடக்கும். மார்க்கெட்டிங், மேனேஜ்மென்ட் என்ற பெயரில் கம்யூனிட்டி காலேஜில் பாடங்கள் இருக்கும், பிடித்தும் இருக்கும். ஆனால் பல்கலைக்கழகங்களில் இவை பெரும்பாலும் மூன்றாம், நான்காம் ஆண்டுப் பாடங்கள். கீழே படித்தது விருப்பப்பாடக் கணக்கில் ஒதுங்கிவிடும். மேலே போய் அதையே திரும்பப் படிக்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டில் உண்மையில் கணக்கில் நிற்பவை வேறு: நிதிக் கணக்கியல், மேலாண்மைக் கணக்கியல், மைக்ரோ, மேக்ரோ பொருளாதாரம், புள்ளியியல், கால்குலஸ், வணிகச் சட்டம்.

கால்குலஸிலும் ஒரு சிக்கல் உண்டு. பல கால் ஸ்டேட் வளாகங்களுக்கு பிசினஸ் கால்குலஸ் போதும். யூ.சி.எல்.ஏ.யில் இளநிலையில் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் பட்டமே கிடையாது. இருப்பது பிசினஸ் எகனாமிக்ஸ், அதற்கு வழக்கமான கால்குலஸ் இரண்டு பாடங்கள் வேண்டும். அங்கே போக நினைத்தவர் எளிதானதை எடுத்திருந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஆகவே போய்ச் சேர வேண்டிய வளாகத்தை முதலில் தீர்மானியுங்கள், பாடத்தைப் பிறகு எடுங்கள். எந்தக் கல்லூரிப் பாடம் எந்த வளாகத்தில் எதற்கு ஈடு என்பதை 'அசிஸ்ட்' என்ற மாநில அதிகாரபூர்வத் தளம் ஆண்டுவாரியாகக் காட்டும். பாடம் எடுத்த ஆண்டின் பக்கத்தை அன்றே அச்செடுத்து வையுங்கள். சீனியர் சொன்னதையும் வாட்ஸப் குழுவில் வந்ததையும் எந்த அலுவலகமும் ஏற்காது.

இனி 'உறுதி' என்று விளம்பரமாகும் இரண்டு. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த மாற்றத்துக்கான அசோசியேட் பட்டம் ஒன்று. அதை முடித்தவருக்குக் கால் ஸ்டேட் அமைப்பில் இடம் உண்டு; மேலே இன்னும் 60 யூனிட்டில் பட்டம் முடியும் வழியும் உண்டு. ஆனால் உறுதி அமைப்புக்குத்தான், வளாகத்துக்கு அல்ல. விண்ணப்பம் குவியும் சான் ஹோசேயில் நினைத்த பிரிவு கிடைக்காமல் தொலைவில் வேறொரு வளாகம் கிடைக்கலாம். இன்னொன்று, யூ.சி.யின் 'டேக்' என்ற சேர்க்கை உறுதித் திட்டம். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் மட்டுமே அதைத் தருகின்றன, அதுவும் எல்லாப் பிரிவுகளுக்கும் அல்ல. பெர்க்கிலி, யூ.சி.எல்.ஏ., சான் டியாகோ அதில் இல்லை. 'பெர்க்கிலிக்கு நேரடி உறுதி' என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கைவசமுள்ள உரிமைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். இடைவெளியின்றிப் படித்துவரும் மாணவர், கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்த ஆண்டின் பட்ட விதிகளின்படியே முடிக்கிறேன் என்று கால் ஸ்டேட்டில் கோரலாம். கட்டணப் பாக்கியைக் காட்டி மதிப்பெண் சான்றிதழை நிறுத்திவைப்பதைக் கலிபோர்னியா 2020 முதல் சட்டப்படி தடுத்திருக்கிறது. ஒரு பாடத்தை ஈடாக ஏற்க மறுத்தால் அதுவே முடிந்த முடிவல்ல. அந்தப் பாடத்தின் சிலபஸோடு துறைக்கு எழுத்தில் மறுபரிசீலனை கேட்கலாம். சிலபஸைப் பாடம் நடக்கும்போதே எடுத்து வைக்காவிட்டால் பிறகு தேடி அலைய நேரும். பெல் உதவித்தொகைக்கு வாழ்நாள் வரம்பு 12 செமஸ்டர். வீணான பாடங்களும் அந்தக் கணக்கில் ஏறும்.

தமிழ்நாட்டிலிருந்து எஃப்-1 விசாவில் வருபவர்களுக்கு 46 டாலர் கணக்கு பொருந்தாது; வெளிமாநிலக் கட்டணம் தனி, அது பல மடங்கு. செமஸ்டருக்கு 12 யூனிட் கட்டாயம். அதில் ஒரே ஓர் ஆன்லைன் பாடம்தான் கணக்கில் சேரும். பட்டம் முடித்தபின் வேலைசெய்யும் ஓ.பி.டி. அனுமதி பெரும்பாலான பிசினஸ் பட்டங்களுக்கு 12 மாதம்தான். அறிவியல், தொழில்நுட்பப் பட்டங்களுக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் கிடைக்காது. கடன் வாங்கும் முன் இதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள்.

'டேக்' விண்ணப்பம் செப்டம்பர் 1 முதல் 30 வரை மட்டுமே. இந்த ஆகஸ்டில் கல்லூரி சேர்ந்து இரண்டு ஆண்டில் மாற நினைப்பவர் அடுத்த செப்டம்பரில் அதைக் கொடுத்தாக வேண்டும். அப்போது கையில் இருக்கப்போவது ஓராண்டு மதிப்பெண்தான். கவுன்சிலரிடம் நேரம் வாங்குவதை முதல் செமஸ்டரிலேயே செய்துவிடுங்கள்.