தாமாரின் அழுகுரல்



சாமுவேல் இரண்டாம் நூலின் 13ஆம் அதிகாரம் ஞாயிறு வாசகங்களில் வருவதில்லை. அதனால் தாமாரைப் பற்றி நம்மில் பலர் மறையுரையில் கேட்டிருக்கமாட்டோம். அவர் தாவீது அரசரின் மகள். வேறு தாய்க்குப் பிறந்த அண்ணன் அம்னோன் நோயாளிபோலப் படுத்துக்கொண்டு, தங்கை வந்து பணியாரம் சுட்டுத் தரட்டும் என்று தந்தையிடமே கேட்கிறான். தந்தையும் அனுப்புகிறார். வேண்டாம் என்று தாமார் மன்றாடுகிறார், அவன் விடவில்லை. தலையில் சாம்பலோடு கதறிக்கொண்டு வெளியே வந்த தாமாரை, உடன்பிறந்த அப்சலோம் பேசாமல் இருக்கச் சொல்கிறான். தாவீதுக்குக் கோபம் வருகிறது, அத்தோடு சரி.

‘குடும்ப மானம் போய்விடும்’, ‘நாளைக்குக் கல்யாணம் ஆகவேண்டிய பிள்ளை’ என்று நாம் சொல்வதும் இதையேதான்.

நடுவண் அரசு 13 மாநிலங்களில் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்பத்துக்கு ஆளானதாகக் கூறினர். பெரும்பாலோர் யாரிடமும் சொல்லவில்லை. துன்பம் தந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். நம் மாநிலம் அந்த ஆய்வில் இல்லை. பக்கத்துக் கேரளம் இருந்தது.

ஆகவே ‘முன்பின் தெரியாதவரிடம் மிட்டாய் வாங்காதே’ என்பது மட்டும் போதாது. சென்னையிலுள்ள ‘துளிர்’ போன்ற அமைப்புகள் பிள்ளைகளுக்கு எளிமையாகக் கற்றுத் தருகின்றன: உன் உடல் உனக்குரியது, உள்ளாடை மறைக்கும் இடங்களை யாரும் தொட்டால் ‘வேண்டாம்’ என்று சொல், அங்கிருந்து போய்விடு, நம்பும் பெரியவரிடம் சொல், தவறு உன்னுடையதல்ல. ஆண் பிள்ளைகளுக்கும் இது வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தாமார் ‘வேண்டாம்’ என்று சொன்னார், கதறினார், அண்ணனிடமும் மறைக்கவில்லை. பாடம் கற்காமல் இருந்தவர்கள் பெரியவர்கள்தாம். எனவே வகுப்பு முதலில் நமக்குத் தேவை. நம் அன்பியக் கூட்டங்களே அதற்கு ஏற்ற இடம். பீடி சுற்றிக்கொண்டே வரும் தாய்மார்களுக்குக் குறைவில்லை, தந்தையர்தாம் வரவேண்டும்.

பிள்ளை சொல்லும்போது ‘நீ ஏன் அங்கே போனாய்?’ என்று கேட்காமல் முழுவதும் கேட்க வேண்டும். 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையிலுள்ள போக்சோ சட்டப்படி, 18 வயதுக்கு உட்பட்டவருக்கு எதிரான குற்றம் தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்வது ஒவ்வொருவர் கடமை. மறைத்தால் 6 மாதம்வரை சிறை உண்டு. ஊர்க் கமிட்டியோ பங்குப் பேரவையோ பேசி முடித்துவிட முடியாது. குற்றஞ்சாட்டப்படுபவர் அருள்பணியாளரானாலும் இதே சட்டம்தான். அத்துடன், அருள்பணியாளர்களும் துறவியரும் திருஅவை அதிகாரிகளிடம் முறையிடும் கடமையைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் விதித்தார்.

காவல் நிலையம் என்றாலே அச்சப்படும் பெற்றோருக்கு: பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே, கூடுமானவரை பெண் உதவி ஆய்வாளர், சீருடையின்றி வந்து பதிவுசெய்ய வேண்டும். இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. பெயரை ஊடகங்கள் வெளியிடக் கூடாது. முதலில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 1098. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை.