ராய்ரங்பூரிலிருந்து ராஷ்டிரபதி பவன் வரை

ஜாம்ஷெட்பூரில் வாழும் நமக்கு ராய்ரங்பூர் தூரத்து ஊர் அன்று. எல்லை தாண்டினால் ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டம். அங்குள்ள சிறு நகரம் அது. அப்பகுதியைச் சேர்ந்த சந்தால் பழங்குடிப் பெண்மணி திருமதி திரௌபதி முர்மு, 2022 ஜூலை 25 அன்று நாட்டின் 15-ஆவது குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். "எல்லாம் இடஒதுக்கீடு தந்த பதவி" என்று நம்மவர் சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். அவர் ஏறி வந்த படிகளை அறிந்தால் அப்படிப் பேசத் தோன்றாது என்பதால் இதை எழுதுகிறேன்.

1958-இல் உபர்பேடா கிராமத்தில் பிறந்தவர் அவர். அந்தக் கிராமத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண்ணும் அவரே. புவனேஸ்வரத்தில் பட்டம் பெற்றபின், 1979 முதல் 1983 வரை ஒடிசா அரசின் நீர்ப்பாசன, மின்துறையில் இளநிலை உதவியாளராக இருந்தார். அதாவது கோப்பு பார்க்கும் குமாஸ்தா வேலை. பின்னர் 1994 முதல் 1997 வரை ராய்ரங்பூர்ப் பள்ளி ஒன்றில் கௌரவ ஆசிரியை.

1997-இல் நகர மன்ற உறுப்பினரானார். 2000, 2004 தேர்தல்களில் பாரதிய ஜனதா கட்சியின் சார்பில் ராய்ரங்பூரிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்வானார். 2000 முதல் 2004 வரை அமைச்சராக இருந்து, வணிகம், போக்குவரத்து, பின்பு மீன்வளம், கால்நடை ஆகிய துறைகளைக் கவனித்தார். ராய்ரங்பூர் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி என்பது உண்மையே. ஒதுக்கீடு கதவைத் திறந்தது. உள்ளே போய் உழைத்தவர் அவர். குடியரசுத் தலைவர் பதவிக்கோ ஒதுக்கீடே கிடையாது.

2009-இல் மக்களவைத் தேர்தலில் தோல்வி. அதே ஆண்டு தொடங்கி 2014-க்குள் இரண்டு மகன்களையும் கணவரையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்தார். மூலையில் முடங்கிவிடாமல் மீண்டு வந்து, 2015 மே மாதம் ஜார்க்கண்டின் ஆளுநரானார். அப்பதவியில் அமர்ந்த முதல் பெண்மணி அவர்தான்.

இங்கேதான் நமக்கு நேரடியாகச் சம்பந்தமுள்ள ஒரு நிகழ்ச்சி வருகிறது. பழங்குடியினரின் நிலம் பிறர் கைக்குப் போகாமல் காப்பவை, 1908-ஆம் ஆண்டின் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டமும் 1949-ஆம் ஆண்டின் சந்தால் பர்கனா குத்தகைச் சட்டமும். விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற வழி செய்யும் திருத்த மசோதாக்களை 2016-இல் மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றியது. பழங்குடியினர் தெருவில் இறங்கிப் போராடினர். ஆளுநரிடம் மனுக்கள் குவிந்தன.

ஆளுநர் ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் தரலாம். அல்லது மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றினால் ஒப்புதலை மறுக்க முடியாது. திருமதி முர்மு 2017-இல், இத்திருத்தத்தால் பழங்குடியினருக்கு என்ன நன்மை என்று கேட்டு மசோதாக்களைத் திருப்பி அனுப்பினார். ஆட்சியில் இருந்ததோ அவர் வளர்ந்து வந்த அதே கட்சி! அரசு மறுபடி நிறைவேற்ற முனையாமல் அவற்றைக் கைவிட்டது. பதவி எதற்கு என்பதை அந்தக் கையெழுத்திடாத கை காட்டிவிட்டது என்பேன்.

ஒருவர் உயர்ந்ததால் ஒரு சமூகத்தின் குறைகள் தீர்ந்துவிடா. நிலமும் காடும் பற்றிய வழக்குகள் நம்மைச் சுற்றி இன்னும் இருக்கின்றன. நாம் குடியிருக்கும் கிழக்குச் சிங்பூம் மாவட்டமும் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிதான். பிழைக்க வந்த நமக்கு இடம் தந்த மண் அவர்களுடையது.

பதவியேற்பு உரையை அவர் "ஜோஹார்" என்று வணங்கித்தான் தொடங்கினார். சாக்சி கடைவீதியில் நாம் அன்றாடம் கேட்கும் சொல் அது. பதிலுக்கு "ஜோஹார்" சொல்ல நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம். அவர்களுடைய சந்தாலி மொழியும் 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் நம் தமிழோடு எட்டாவது அட்டவணையில் இருக்கிறது என்பதையும் சொல்லி வைப்போம்.