கேபிள் யார் கையில்?

2001 ஜூன் 30 அதிகாலையில் முன்னாள் முதல்வர் கருணாநிதி சென்னை வீட்டில் கைது செய்யப்பட்டார். போலீசார் அவரை இழுத்துச் சென்ற காட்சியைத் தி.மு.க. சார்புச் சன் டிவி திரும்பத் திரும்பக் காட்டியது. அ.தி.மு.க. சார்பு ஜெயா டிவிக்குத் திருப்பினால் கதையே வேறு. அங்கே தள்ளுமுள்ளு செய்தவர்கள் தி.மு.க. தரப்பினர்! அதே வீடு, அதே இரவு. மத்திய அமைச்சர்கள் முரசொலி மாறனும் டி.ஆர்.பாலுவும்கூடக் கைதாகியிருந்ததால் வாஜ்பாய் அரசு கொதித்தது. ஆளுநர் பாத்திமா பீவி பதவி விலகும் அளவுக்கு விவகாரம் முற்றியது.

கட்சி சேனல் என்றதும் நாம் இந்தத் திரை யுத்தத்தைத்தான் நினைக்கிறோம். ஆனால் தமிழ்நாட்டுப் பார்வையாளர் அவ்வளவு ஏமாளி இல்லை. எந்த சேனல் யாருடையது என்று தெரிந்தே பார்க்கிறார். வேண்டிய அளவு கழித்துக்கொள்கிறார். அவர் கழிக்க முடியாத ஒன்று உண்டு: வீட்டுக்கு வராத சேனல். எது வரும், எது வராது, எது இருட்டடிப்பாகும் என்பதை முடிவு செய்வது கேபிள் வைத்திருப்பவர்.

இதைக் கட்சிகள் நன்றாகவே புரிந்துவைத்திருந்தன. 2006 தேர்தலில் இலவச கலர் டிவியை வாக்குறுதியாகத் தந்த தி.மு.க., மறு ஆண்டே கருணாநிதியின் உறவினர்களான சன் குழுமத்து மாறன் சகோதரர்களோடு முறுக்கிக்கொண்டது. உடனே நடந்தவை இரண்டு: கலைஞர் டிவி பிறந்தது, அரசு கேபிள் நிறுவனம் பிறந்தது. சேனல் மட்டும் போதாது, சன் குழுமத்தின் சுமங்கலி கேபிளுக்கு மாற்றும் வேண்டும் என்பதே கணக்கு. 2008 இறுதியில் குடும்பம் சமாதானமானது. அரசு கேபிளும் படுத்துக்கொண்டது. 2011-இல் ஆட்சிக்கு வந்த ஜெயலலிதா அதைத் தூசிதட்டி, மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு தந்தார். மக்களுக்குக் கட்டணம் குறைந்தது உண்மை. கேபிளின் கடிவாளம் ஆளுங்கட்சியிடம் போனதும் உண்மை.

கட்சிகளும் சரி, மத்திய, மாநில அரசுகளும் சரி, ஒளிபரப்பிலோ கேபிள் விநியோகத்திலோ இறங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008-இலும் 2012-இலும் பரிந்துரைத்தது. 2014-இல் மீண்டும் வலியுறுத்தியது. டெல்லி அதைச் சட்டமாக்கவில்லை. கூட்டணிக் கட்சிகளின் தயவில் ஓடிய மன்மோகன் சிங் அரசுக்காவது ஒரு சாக்கு இருந்தது. தனிப்பெரும்பான்மையோடு வந்த மோடி அரசு, டிராய் வேண்டாம் என்ற அதே தமிழ்நாடு அரசு கேபிளுக்கு 2017-இல் டிஜிட்டல் உரிமமே கொடுத்தது.